யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் மூடிய 5432 போர்ட் வெளியிலிருந்து திறந்தே தெரிகிறது: எங்கே தவறு?

தாராவி மாலைப்பள்ளி (வெள்ளி, இரவு 10.40)

வணக்கம். தாராவியில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்காக நடக்கும் ஒரு மாலைநேரப் படிப்பகத்தின் சர்வரைத் தன்னார்வலராகப் பராமரித்து வருகிறேன். நவி மும்பையில் டேட்டா சென்டர் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்திடம் மாத வாடகைக்கு எடுத்த உபுண்டு 20.04 இயந்திரம் அது. அதில் டாக்கர் கம்போஸ் வழியாக நெக்ஸ்ட்கிளவுட் (கோப்புச் சேமிப்பு), போஸ்ட்கிரஸ் (டேட்டாபேஸ்), ரெடிஸ் (நினைவகத்தில் இயங்கும் தரவுச் சேமிப்பு) ஆகிய மூன்று கன்டெய்னர்கள், அதாவது தனித்தனியாக அடைக்கப்பட்ட நிரல்கள், ஓடுகின்றன. பழைய வினாத்தாள்களின் ஸ்கேன் பிரதிகள் நெக்ஸ்ட்கிளவுடில் இருக்கின்றன. மாணவர்களின் மதிப்பெண்களும் பெற்றோரின் கைபேசி எண்களும் அதே போஸ்ட்கிரஸில் தனி டேட்டாபேஸாக இருக்கின்றன.

நேற்றுக் காலை அந்த நிறுவனத்திடமிருந்து ஓர் எச்சரிக்கை வந்தது. எங்கள் இயந்திரம் வெளியிலுள்ள பிற சர்வர்களைத் துழாவிக்கொண்டிருப்பதாகவும், 48 மணி நேரத்துக்குள் சரிசெய்யாவிட்டால் இணைப்பைத் துண்டிப்பதாகவும் அதில் எழுதியிருந்தார்கள். உள்ளே சென்று பார்த்தபோது சிபியு முழுவதையும் "கே-டெவ்-டிஎம்பிஎஃப்எஸ்-ஐ" என்ற ஒரு ப்ராசஸ் விழுங்கிக்கொண்டிருந்தது. கொன்றால் ஒரு நிமிடத்துக்குள் மறுபடியும் எழுந்துவிடுகிறது. அதன் உரிமையாளராக, ஓடும் ப்ராசஸ்களைப் பட்டியலிடும் டாப் கட்டளை "சிஸ்டம்டி+" என்று காட்டுவதுதான் என்னை மிகவும் அச்சுறுத்துகிறது.

தொலைவிலிருந்து நுழைவதற்கான எஸ்எஸ்ஹெச்சில் பாஸ்வேர்டை நிறுத்திச் சாவி மட்டுமே வைத்திருக்கிறேன், தவறான உள்நுழைவு முயற்சிகளைத் தடுக்கும் ஃபெயில்2பேன் ஓடுகிறது, யூஎஃப்டபிள்யூவில் உள்வரும் இணைப்புகள் அனைத்தையும் மறுத்து 22 (எஸ்எஸ்ஹெச்), 80, 443 (இணையத்தளம்) ஆகிய மூன்றை மட்டும் அனுமதித்திருக்கிறேன். ஆனால் என் கைபேசியின் இணைப்பில் மடிக்கணினியை இணைத்து போர்ட்டுகளைச் சோதிக்கும் என்மேப்பால் பார்த்தால், போஸ்ட்கிரஸின் 5432 போர்ட் திறந்திருப்பதாகக் காட்டுகிறது. அந்தப் போர்ட்டை மறுத்துத் தனி விதி எழுதியும், இயந்திரத்தை மறுதொடக்கம் செய்தும் பயனில்லை. யூஎஃப்டபிள்யூ பழுதாகிவிட்டதா, அல்லது இயந்திரத்தின் சேவைகளை இயக்கும் சிஸ்டம்டியே கெட்டுவிட்டதா?

வடாலா (வெள்ளி, இரவு 11.15)

யூஎஃப்டபிள்யூவை நீக்கிவிட்டு மறுபடியும் நிறுவிப் பாருங்கள். எனக்கு ஒருமுறை அப்படித்தான் சரியானது.

செம்பூர் கேம்ப் (வெள்ளி, இரவு 11.50)

மேலே வடாலா நண்பர் சொன்னதைச் செய்ய வேண்டாம். செய்தாலும் எதுவும் மாறாது. யூஎஃப்டபிள்யூ பழுதாகவில்லை, அதற்கு இடப்பட்ட வேலையைச் சரியாகவே செய்துகொண்டிருக்கிறது. உங்கள் போஸ்ட்கிரஸுக்குப் போகும் போக்குவரத்து அதன் கண்ணில் படுவதே இல்லை.

யூஎஃப்டபிள்யூ என்பது லினக்ஸ் கெர்னலின் பாக்கெட் வடிகட்டிக்கு ஐபிடேபிள்ஸ் வழியாக விதிகளை எழுதிக்கொடுக்கும் ஒரு முகப்பு மட்டுமே. நீங்கள் எழுதும் அனுமதி, மறுப்பு விதிகள் "இன்புட்" சங்கிலியில் போய் அமர்கின்றன. அந்தச் சங்கிலி அந்த இயந்திரத்துக்கே வரும் பாக்கெட்டுகளை மட்டும் விசாரிக்கிறது. டாக்கரோ, நீங்கள் ஒரு போர்ட்டை வெளியிட்ட கணத்தில், அதற்கு முன்பே வரும் "ப்ரீரூட்டிங்" கட்டத்தில் ஒரு விதியை எழுதிவிடுகிறது. 5432க்கு வரும் பாக்கெட்டின் போகுமிட முகவரி அங்கேயே கன்டெய்னரின் உள்முகவரியாக மாற்றப்படுகிறது. கட்டடத்தின் வாசலில் வாட்ச்மேன் ஒவ்வொருவரையும் நிறுத்திப் பதிவேட்டில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருமுனையிலேயே ஒருவர் நின்றுகொண்டு வருபவரின் கையிலிருக்கும் முகவரிச் சீட்டை மாற்றிப் பக்கத்துக் கட்டடத்துக்கு அனுப்பிவிட்டால் வாட்ச்மேனால் என்ன செய்ய முடியும்? முகவரி மாறிய பாக்கெட் "இன்புட்" பக்கம் வராமல் "ஃபார்வர்ட்" சங்கிலிக்குப் போகிறது. அங்கும் யூஎஃப்டபிள்யூவின் விதிகளுக்கு மேலே டாக்கர் தன்னுடைய விதிகளைச் செருகிவைத்திருக்கிறது. யூஎஃப்டபிள்யூ ஸ்டேட்டஸில் இவை எதுவும் தெரியாது. ஐபிடேபிள்ஸில் முகவரி மாற்ற விதிகள் இருக்கும் நாட் அட்டவணையைப் பட்டியலிட்டுப் பாருங்கள், "டாக்கர்" என்ற சங்கிலியில் 5432 இருக்கும்.

சிஸ்டம்டியைப் பற்றிய அச்சம் வேண்டாம். ஒரு ப்ராசஸின் உரிமையாளரைக் கெர்னல் எண்ணாக மட்டுமே அறியும். டெபியனை அடிப்படையாகக் கொண்ட போஸ்ட்கிரஸ் இமேஜில் (கன்டெய்னர் உருவாகும் அச்சில்) போஸ்ட்கிரஸ் பயனரின் எண் 999. உபுண்டு 20.04இல் அதே 999 பெரும்பாலும் "சிஸ்டம்டி-கோர்டம்ப்" என்ற பயனருக்குப் போயிருக்கும். கன்டெய்னருக்குள் ஓடுவதை வெளியே நின்று பார்க்கும் டாப், தன் ஊர்ப் பெயரைச் சொல்லிவிடுகிறது. "டாக்கர் டாப்" கட்டளையைப் போஸ்ட்கிரஸ் கன்டெய்னரின் பெயரோடு கொடுத்தால் அந்தக் கள்ளனை அங்கேயே காணலாம். ப்ராசஸின் பெயரும் வேடம்தான்: கெர்னலுக்குச் சொந்தமான "கே-டெவ்-டிஎம்பிஎஃப்எஸ்" என்ற இழை உண்மையிலேயே இருக்கிறது, உங்களிடம் இருப்பதில் கடைசியில் ஓர் "ஐ" கூடுதலாக ஒட்டியிருக்கிறது. அது கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரல். அருகில் "கின்சிங்" என்று இன்னொன்று இருக்கிறதா என்று பாருங்கள். கொன்றதை மறுபடியும் எழுப்புவது அதுதான்.

கம்போஸ் கோப்பில் போஸ்ட்கிரஸின் "போர்ட்ஸ்" பகுதியையும், பாஸ்வேர்ட் எவ்வளவு வலுவானது என்பதையும் (பாஸ்வேர்டை அல்ல!) எழுதுங்கள்.

தாராவி மாலைப்பள்ளி (சனி, காலை 7.20)

மிக்க நன்றி ஐயா. நீங்கள் சொன்னபடியே டாக்கர் டாப்பில் இரண்டும் இருந்தன. கம்போஸ் கோப்பில் "5432:5432" என்று இருக்கிறது. சென்ற மாதம் வீட்டிலிருந்து டிபீவர் என்ற டேட்டாபேஸ் நிரல் மூலம் மதிப்பெண்களை ஏற்றுவதற்காக நானே எழுதியது. ஒரு வாரத்தில் நீக்கிவிடலாம் என்று நினைத்து மறந்துவிட்டேன். பாஸ்வேர்டும் பயனர் பெயரும் ஒன்றே என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

எனக்கு விளங்காதவை இரண்டு. நாற்பது பிள்ளைகள் படிக்கும் ஓர் இடத்தின் சர்வரை யார் தேடி வந்தார்கள்? டேட்டாபேஸுக்குள் நுழைந்தவர்கள் நிரலை எப்படி ஓட்ட முடிந்தது?

செம்பூர் கேம்ப் (சனி, காலை 8.05)

யாரும் உங்களைத் தேடி வரவில்லை. ஐபிவி4இல் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தாம். 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஜீமேப் என்ற கருவி, ஒரே இயந்திரத்தையும் ஒரு கிகாபிட் இணைப்பையும் வைத்து, அந்த வெளி முழுவதிலும் ஒரு போர்ட்டை 45 நிமிடத்துக்குள் சோதித்துவிடும் என்று காட்டியது. உங்கள் இயந்திரமும் இப்போது அதையேதான் பிறருக்குச் செய்துகொண்டிருக்கிறது. எச்சரிக்கை வந்தது அதனால்தான்.

இரண்டாவது கேள்விக்கு விடை போஸ்ட்கிரஸின் கையேட்டிலேயே இருக்கிறது. 2013இல் வந்த 9.3 பதிப்பிலிருந்து "காப்பி" கட்டளையால் கோப்புக்குப் பதிலாக ஒரு நிரலை ஓட்டி அதன் வெளியீட்டை அட்டவணைக்குள் வாங்கிக்கொள்ள முடியும். அது சூப்பர்யூசருக்கு உரிய வசதி, ஓட்டை அல்ல. ஆனால் அந்த அதிகாரபூர்வ இமேஜில் நீங்கள் சூழல் மாறியில் கொடுக்கும் பயனர் சூப்பர்யூசராகவே உருவாகிறார், எந்த முகவரியிலிருந்து வந்தாலும் பாஸ்வேர்ட் சரியாக இருந்தால் அனுமதிக்கும்படியே அது அமைக்கப்பட்டும் இருக்கிறது. கன்டெய்னரின் லாகில் பாஸ்வேர்ட் தவறிய வரிகள் நூற்றுக்கணக்கில் வரிசையாக இருப்பதையும், அவை ஓய்ந்த இடத்துக்குப் பிறகு பேஸ்64 குறியாக்கத்தில் உள்ள சரம் ஒன்றை, கட்டளைகளை ஓட்டும் பாஷுக்குள் தள்ளும் வரிகளையும் தேடுங்கள். அவர்கள் நுழைந்த நேரத்தை அங்கிருந்து ஓரளவு கணிக்கலாம்.

வடாலா (சனி, காலை 9.30)

நேற்று நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். இப்போது டாக்கரின் டீமன் அமைப்பில் ஐபிடேபிள்ஸ் என்பதை "ஃபால்ஸ்" ஆக்கிவிட்டால் யூஎஃப்டபிள்யூ சொன்னபடி நடக்கும் அல்லவா? பல இடங்களில் அப்படி எழுதியிருக்கிறார்கள்.

செம்பூர் கேம்ப் (சனி, காலை 9.55)

எழுதியிருக்கிறார்கள் என்பது உண்மை. அப்படிச் செய்தால் கன்டெய்னர்கள் வெளியுலகோடு பேசுவதற்கான முகவரி மாற்ற விதிகளும் சேர்ந்து போய்விடும். நெக்ஸ்ட்கிளவுடால் புதுப்பிப்பைக்கூட இறக்க முடியாது. அவற்றையெல்லாம் கையால் எழுதிப் பராமரிக்கத் தெரிந்தவருக்கு மட்டுமே அது வழி.

இங்கே தேவைப்படுவது அதைவிட எளியது. நெக்ஸ்ட்கிளவுடும் போஸ்ட்கிரஸும் ஒரே கம்போஸ் நெட்வொர்க்கில் இருப்பதால், ஒன்றையொன்று பெயர் சொல்லியே அழைத்துக்கொள்ளும். அதற்கு "போர்ட்ஸ்" என்ற பகுதியே தேவையில்லை. அந்த வரியை எடுத்துவிடுங்கள். வீட்டிலிருந்து டிபீவரில் இணைய வேண்டுமானால் "127.0.0.1:5432:5432" என்று எழுதிவிட்டு, எஸ்எஸ்ஹெச்சின் "-எல்" விருப்பத்தால் உங்கள் கணினியின் போர்ட் ஒன்றை அந்த முகவரியோடு சுரங்கமாக இணையுங்கள். ஒரு நுணுக்கம்: டாக்கர் 28க்கு முந்தைய பதிப்புகளில், 127.0.0.1இல் மட்டும் வெளியிட்ட போர்ட்டைக்கூட அதே உள்நெட்வொர்க்கில் இருக்கும் அண்டை இயந்திரம் எட்ட முடியும். வாடகை இயந்திரங்களில் அண்டை வீட்டார் யாரென்று நமக்குத் தெரியாது, எனவே டாக்கரையும் புதுப்பியுங்கள்.

என்றாவது ஒரு போர்ட்டைக் குறிப்பிட்ட சில முகவரிகளுக்கு மட்டும் திறக்க நேர்ந்தால், விதியை "டாக்கர்-யூசர்" சங்கிலியில் எழுத வேண்டும். 17.06 பதிப்பு முதல் அது நமக்கென்றே ஒதுக்கப்பட்டது. டாக்கர் தன் விதிகளுக்கு முன் அதைப் பார்க்கும். அங்கே பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பாக்கெட் அந்தச் சங்கிலியை அடையும்போது முகவரி மாற்றம் முடிந்துவிட்டிருக்கும்; ஆகவே வெளியே 8080 என்றும் உள்ளே 80 என்றும் வெளியிட்டிருந்தால், 8080ஐத் தடுக்கும் விதி எதையும் தடுக்காது. உள்போர்ட்டைக் குறிப்பிட வேண்டும், அல்லது இணைப்புகளைக் கண்காணிக்கும் கான்ட்ராக் மாட்யூல் நினைவில் வைத்திருக்கும் மூலப் போர்ட்டைக் கேட்க வேண்டும்.

மாட்டுங்கா லேபர் கேம்ப் (சனி, காலை 11.10)

ஒரு சந்தேகம். கன்டெய்னரை அழித்துவிட்டுப் புதிதாக எழுப்பினால் போதாதா? சர்வர் முழுவதையும் ஏன் தொட வேண்டும்?

முலுண்ட் செக்நாகா (சனி, பகல் 12.30)

போதும் என்று சொல்லும் துணிவு எனக்கு இல்லை. முதலில், மறுதொடக்கம் செய்தும் ஏன் போகவில்லை என்பதைப் பாருங்கள். இயந்திரத்தை நிறுத்தி எழுப்பினாலும் கன்டெய்னரின் எழுதும் அடுக்கு அப்படியே இருக்கும். கன்டெய்னரை நீக்கி உருவாக்கினால்தான் அது அழியும். அப்போதும் வால்யூம் (கன்டெய்னருக்கு வெளியே தரவு சேமிக்கப்படும் இடம்) அழியாது. போஸ்ட்கிரஸின் தரவுக் கோப்புறை வால்யூமில்தான் இருக்கிறது, போஸ்ட்கிரஸ் பயனருக்கு அங்கே எழுதும் உரிமையும் இருக்கிறது. அங்கு அவர்கள் எதை விட்டுச் சென்றார்கள் என்பதைக் கோப்பு கோப்பாகத் துழாவுவதைவிட அந்த வால்யூமை நம்பாமல் இருப்பது நல்லது.

எனவே முதலில் லாகுகளைப் பிரதி எடுங்கள், ஏனென்றால் கன்டெய்னரை நீக்கினால் அவையும் போய்விடும். பிறகு பிஜி-டம்ப்பால் தரவை எழுத்துக் கோப்பாக எடுத்து, எடிட்டரில் திறந்து, நீங்கள் எழுதாத ஃபங்ஷனோ டிரிக்கரோ அதில் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். பயனர் பட்டியலில் அறியாத சூப்பர்யூசர் யாரேனும் சேர்ந்திருக்கலாம். நாற்பது மாணவர்களின் தரவு என்பதால் கண்ணால் படிக்கக்கூடிய அளவுதான். நுழைந்த நேரத்துக்கு முந்தைய பேக்கப் இருந்தால் இந்த வேலையே மிச்சம்.

அந்தக் கன்டெய்னர் "பிரிவிலெஜ்டு" என்ற முழு அதிகார முறையில் ஓடவில்லை, டாக்கரையே கட்டுப்படுத்தும் டாக்கர் சாக்கெட் அதற்குள் இணைக்கப்படவும் இல்லை என்றால், வெளியே இருக்கும் உபுண்டு பெரும்பாலும் தப்பியிருக்கும். ஆனாலும் 20.04க்கான வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது; எப்படியும் 24.04க்குப் போக வேண்டியிருக்கும்போது, சந்தேகத்துக்குரிய வீட்டை வெள்ளையடித்துக் குடியிருப்பானேன்?

இன்னொன்று, பெற்றோரின் கைபேசி எண்கள் வெளியே போய்விட்டதாகவே கருதி அவர்களிடம் சொல்லிவிடுங்கள். இந்திய அரசின் கணினி அவசரகால அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் 28 தேதியிட்ட உத்தரவு, இத்தகைய ஊடுருவலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும், லாகுகளை 180 நாட்கள் வைத்திருக்கவும் சொல்கிறது. உங்கள் படிப்பகம் எந்த வகையில் பதிவு செய்யப்பட்டது என்பதைப் பொறுத்து அது உங்களுக்குப் பொருந்துமா என்பதை நிர்வாகிகள் ஒரு வழக்கறிஞரிடம் கேட்கட்டும். கேட்கும்வரை காத்திராமல் தெரிவித்துவிடுவதில் நட்டம் ஒன்றுமில்லை.

தாராவி மாலைப்பள்ளி (ஞாயிறு, இரவு 9.15)

புதிய 24.04 இயந்திரத்துக்கு மாறிவிட்டேன். லாகில் வியாழன் அதிகாலை 3.12க்கு அந்த பேஸ்64 வரி இருந்தது. புதன் இரவு எடுத்த பேக்கப் கையில் இருந்ததால் டம்ப்பைப் படித்துப் பார்க்கும் வேலை மிச்சமாயிற்று. அதற்குப் பிறகு ஏற்றிய இரண்டு வினாத்தாள்கள் மட்டும் போயின, அவை தாளிலேயே இருக்கின்றன. செர்ட்-இன்னுக்கு எழுதிவிட்டோம். பெற்றோருக்கு நாளை மாலை வகுப்பு விடும் நேரத்தில் நேரிலேயே சொல்வதாக முடிவு செய்திருக்கிறோம்.

கைபேசி இணைப்பிலிருந்து மறுபடியும் சோதித்தேன். இந்த முறை 5432 மட்டுமல்லாமல் எல்லாப் போர்ட்டுகளையும் பார்த்தேன். 22, 80, 443 தவிர ரெடிஸின் 6379ம் திறந்திருக்கிறது. பழைய கம்போஸ் கோப்பிலிருந்து ரெடிஸ் பகுதியை அப்படியே ஒட்டியிருக்கிறேன். ரெடிஸில் "ப்ரொடெக்டட் மோட்" இருப்பதால் பாஸ்வேர்ட் இல்லாமல் வெளியார் வர முடியாது என்று படித்தேனே, அது காப்பாற்றாதா?

செம்பூர் கேம்ப் (ஞாயிறு, இரவு 9.22)

காப்பாற்றாது. 3.2 பதிப்பிலிருந்து ரெடிஸில் அந்தக் காவல் இருப்பது உண்மை. ஆனால் பிற கன்டெய்னர்கள் எளிதில் இணையட்டும் என்பதற்காக டாக்கர் இமேஜில் அதை அணைத்தே வைத்திருக்கிறார்கள். இதைப் படித்து முடிக்கும் முன் அந்த வரியை நீக்கி, கன்டெய்னரை மறுபடியும் உருவாக்குங்கள். ஐபிவி6 முகவரி இருந்தால் அதையும் தனியாகச் சோதியுங்கள். வாடகை நிறுவனத்தின் பக்கத்தில், இயந்திரத்துக்கு வெளியே அமையும் ஃபயர்வால் ஒன்று இருக்கும். அதிலும் இந்த மூன்று போர்ட்டுகளை மட்டும் விடுங்கள், டாக்கரின் கை அங்கே எட்டாது.

தாராவி மாலைப்பள்ளி (ஞாயிறு, இரவு 9.41)

நீக்கிவிட்டேன் ஐயா. இப்போது வெளியிலிருந்து மூன்றே தெரிகின்றன, ஐபிவி6இலும் அப்படியே. ரெடிஸ் லாகில் வெளியார் எவரும் வந்த தடம் தெரியவில்லை. ஆனாலும் அந்தக் கன்டெய்னரையும் அதன் வால்யூமையும் அழித்துவிட்டுப் புதிதாகவே எழுப்பியிருக்கிறேன்.