புதுப்பிப்பு: கூட்டத்தில் வாய் திறக்கும் அச்சம்

என் இந்தியைக் கேட்டுச் சிரிப்பார்களோ என்ற அச்சத்தில், மும்பை அலுவலகத்தின் வாராந்திரக் கூட்டங்களில் எட்டு மாதங்களாக மௌனமாகவே அமர்ந்திருக்கிறேன் என்று முன்பு எழுதியிருந்தேன். அதன் பிறகு நடந்ததைப் பதிவு செய்கிறேன்.

அச்சம் குறைந்த இடத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏறுங்கள் என்று உங்களில் ஒருவர் சொன்ன யோசனையையே பின்பற்றினேன். முதலில் மாட்டுங்கா சந்தையில், தமிழ் தெரிந்த கடைக்காரர்களைத் தவிர்த்து, இந்தியில் மட்டும் பேசிக் காய்கறி வாங்கினேன். பிறகு ரயிலின் மகளிர் பெட்டியில், விடை தெரிந்திருந்தும், அடுத்த நிலையம் தாதரா என்று அருகில் நின்றவரிடம் கேட்டேன். ஆண்பால், பெண்பால் வினைகளைக் குழப்பியபோதும் எவரும் முகம் சுளிக்கவில்லை.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் தாமஸ் கிலோவிச் குழுவினர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வும் எனக்குத் துணை நின்றது. கூச்சம் தரும் படம் அச்சிட்ட டி-ஷர்ட்டுடன் அறைக்குள் நுழைந்த மாணவர்கள், ஏறத்தாழப் பாதிப் பேர் அதைக் கவனித்திருப்பார்கள் என்று கணித்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால் பங்கினரே.

கடந்த திங்கட்கிழமை எழுந்து நின்று, சரக்கு தாமதமாவதற்கான காரணத்தை இரண்டு நிமிடங்கள் விளக்கினேன். கை நடுங்கியது; ஒரு சொல் நினைவுக்கு வராமல் திணறியபோது, அருகிலிருந்த மராத்தியப் பெண்மணி அதை எடுத்துக்கொடுத்தார். மேலாளரோ லாரி எப்போது வந்து சேரும் என்பதை மட்டுமே கேட்டார்.