கோழிக்குஞ்சுக்கு வீட்லயே புரூடர் (குஞ்சுக்கு சூடு குடுக்குற கூடு), கொஞ்சம் யோசனை சொல்லுங்க

மக்களே, நமக்கு குலசேகரம் பக்கம், நாட்டுக்கோழிக்குஞ்சு 22 எண்ணம் நிக்குது, இப்ப 12 நாளாச்சு. டிவி வந்த அட்டைப்பெட்டில உமி போட்டு 60 வாட்ஸ் குண்டு பல்பு தொங்கவிட்டிருந்தேன், முதல் வாரம் ஒரு குறையும் இல்ல. முந்தாநாள் ராத்திரி மழைக்கு கரண்ட் போச்சு, விடியக்காலம் பாத்தா எல்லாம் ஒரு மூலைல ஒண்ணுமேல ஒண்ணு ஏறி கிடக்கு, அடில கிடந்த ரெண்டு நசுங்கி செத்துப்போச்சு. மனசே கேக்கல.

பெட்டியும் பத்தல, அதான் மூலையே இல்லாம தகரத்த வட்டமா வளைச்சு வைக்கலாம்னு இருக்கேன், 4 அடி விட்டம் போதுமா? முதல் வாரம் 35 டிகிரி, அப்புறம் வாரம் 3 டிகிரி குறைக்கணும்னு தெரியும், ஆனா இந்த சாரல்ல பல்ப எவ்வளவு உயரத்துல கட்டுறது? பகல்ல பல்ப விட்டு தள்ளிப்போய் வாயத் திறந்துட்டு நிக்குது, ராத்திரி அடிலயே ஒட்டிக்கிடக்கு.

முக்கியமா கரண்ட் போனா என்ன செய்வீங்க? அம்மா சட்டில கரிக்கனல் வைக்கச் சொல்லுதா, எனக்கு புகைய நினைச்சா பயமா இருக்கு. பாட்டில்ல சுடுதண்ணி ஊத்தி துணி சுத்தி வச்சா விடியுற வரை சூடு நிக்குமா? வச்சுப் பாத்தவங்க சொல்லுங்க, இன்னைக்கும் மேகம் கருத்துட்டு வருது.