பொருள்: கோபிரெசிபிடேஷன், தமிழில் என்ன?

பாளையங்கோட்டை:
அண்ணாச்சிமாரே, திங்கட்கிழமை செய்முறைக் கையேடு அச்சுக்குப் போகிறது. காந்த ஆக்சைடு நானோத்துகள் பாடத்தில் ஒரு சொல் மாட்டுகிறது. பெர்ரஸ் உப்பு ஒரு பங்கு, பெர்ரிக் உப்பு இரண்டு பங்கு கரைத்து அம்மோனியா ஊற்றினால், இரண்டு இரும்பும் சேர்ந்து மாக்னடைட் என்ற காந்த ஆக்சைடாகக் கறுப்பாய்ப் படியும். இதுதான் கோபிரெசிபிடேஷன். 'உடன்வீழ்படிவாக்கம்' என்று எழுதினேன். பையன்கள் வாயில் நுழையவில்லை.

அம்பாசமுத்திரம்:
தம்பி, படிந்தாலே வீழ்ந்ததுதானே? 'உடன்படிவு' போதும். ஆனால் 'ஒடு' உருபு உயர்ந்ததன் பக்கம் சேரும் என்பது தொல்காப்பியம். 'ஆசிரியரொடு மாணவர் வந்தார்'. இங்கே ஆசிரியர் யார்? இரண்டு பங்கு பெர்ரிக்தான். ஆக, பெர்ரிக்கொடு பெர்ரஸ் படிந்தது. கலித்தொகையில் தேற்றாங்கொட்டையால் கலங்கல் நீர் தெளிகிறதே, 'தெளிபடிவு' எப்படி?

உடன்குடி:
தெளிவது தண்ணீர் அண்ணாச்சி. நமக்கு வேண்டியது அடியில் கிடக்கும் மண்டி.

அபிஷேகப்பட்டி, ஆய்வு மாணவி:
ஐயா, 'உடன்' வேண்டாம். பகுப்பாய்வு வேதியியலில் கோபிரெசிபிடேஷன் என்ற இதே சொல் அழையா விருந்தாளியைக் குறிக்கும். வேண்டிய வீழ்படிவோடு ஒட்டிக்கொண்டு வரும் அசுத்தம். அதற்கு 'உடன்' சரி. இங்கே இரண்டையும் நாமே அழைக்கிறோம். 'இணைப்படிவு' என்று வைக்கலாம். முறையின் பெயர் குழம்பினால் பொருளும் குழம்பும். இப்படிப் படிய வைத்தால் அறை வெப்பத்திலேயே 10 நானோமீட்டர் அளவில் துகள் கிடைக்கும், ஆனால் சிறிதும் பெரிதுமாக. வெளிக்காந்தத்தை எடுத்தால் காந்தத்தன்மை தங்காது. ஆட்டோகிளேவ் என்ற அழுத்தக் கலனில் வேகவைத்தால் படிகம் தேறும், துகளும் பெரிதாகும். பெருத்தால் காந்தத்தன்மை தங்க ஆரம்பிக்கும். கெட்டிப் பந்துகள் உருண்டு அரைக்கும் பந்து ஆலையில் அரைத்தால் படிகம் குலைந்து காந்தம் இறங்கும்.

உடன்குடி:
இது எங்க ஊர் சங்கதி. ஒரே பதநீர்தான். காய்ச்சிக் கிண்டிச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. பாகைப் பானையில் வாரக்கணக்கில் அசையாமல் விட்டால் கற்கண்டு. இரண்டுக்கும் ஒரே பேரா வைத்தோம்? பேசாமல் 'சேர்ந்து படிதல்' என்றே எழுதும். எல்லாருக்கும் விளங்கும்.

அம்பாசமுத்திரம்:
அது விளக்கம், கலைச்சொல் இல்லை. விளங்குவது மட்டும் போதுமென்றால் கோபிரெசிபிடேஷனே இருந்துவிட்டுப் போகட்டும்.

பாளையங்கோட்டை:
சரி, இரவு மணி பதினொன்று. 'இணைப்படிவு' என்று போட்டு அனுப்பிவிட்டேன். உடன்குடி அண்ணாச்சி மனசு வைத்து ஒத்துக்கொண்டார்.

அம்பாசமுத்திரம்:
ஒற்று ஏன் மிகுந்தது? 'வீழ்படிவு' வினைத்தொகை, அங்கே மிகவில்லையே. 'இணைபடிவு' என்றல்லவா வரவேண்டும்?

பாளையங்கோட்டை:
அச்சுக்குப் போய்விட்டது அண்ணாச்சி.