நியூசிலாந்து தென் தீவு: வேன்ல 12 நாள், என்ன கவனிக்கணும்?

காட்பாடி:
நானும் வீட்டுக்காரரும் நவம்பர்ல கிறைஸ்ட்சர்ச்ல வேன் எடுத்து டெகாப்போ, மில்ஃபோர்ட் வரைக்கும் போறோம். சமையல், தூக்கம் எல்லாம் வேன்லயும் டென்ட்லயும்தான். லைசென்ஸ், அடுப்பு, சாப்பாடு பத்தி விவரமா சொல்லுங்க.

சத்துவாச்சாரி:
வேலூர் ஆர்.டி.ஓ.வுல படிவம் 4ஏ கொடுத்து சர்வதேச பெர்மிட் வாங்கிடுங்க, ஒரு வருஷம் செல்லும். அசல் கார்டும் கையில வேணும். அங்கேயும் இடது பக்கம்தான். ஒரே வண்டி போற பாலத்துலதான் தப்பு நடக்கும்: பலகையில உங்க பக்க அம்பு சின்னதா சிவப்பா இருந்தா நின்னு வழி விடணும்.

ராணிப்பேட்டை:
கேஸ் டப்பாவை விமானத்துல ஏத்த விடமாட்டாங்க, அங்கேயே வாங்கணும். வெறும் பியூட்டேன் வேண்டாம். 0 டிகிரி நெருங்கினா அது சரியா ஆவியாகாது. விடியக்காலையில தீ சுருங்கி, குக்கர்ல விசிலே வராது. புரொப்பேன் கலந்ததா பாருங்க. குளிருதேன்னு வேன் கதவை மூடிட்டு அடுப்பு பத்தவைக்கவே கூடாது சகோதரி. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

குடியாத்தம்:
அரிசி, பருப்பு, இட்லிப்பொடி எதுவானாலும் வருகைப் படிவத்துல மறைக்காம எழுதுங்க. மறைச்சா 400 நியூசிலாந்து டாலர் அபராதம். டென்ட் ஆணியில ஏலகிரி மண் ஒட்டியிருந்தாலும் பிடிச்சிடுவாங்க, கழுவிக் காயவைங்க. பெரும்பாலான இலவச இடத்துல வேனை நிறுத்தித் தூங்க, உள்ளேயே பொருத்தின கழிப்பறையும் அதுக்கான சான்றும் வேணும். மில்ஃபோர்ட் போற வழியில தே அனாங்கிற ஊர்ல டேங்க் நிரப்பிடுங்க. மில்ஃபோர்ட் அங்கிருந்து சுமார் 120 கி.மீ., நடுவுல பங்க் இல்ல.