செஸ்னா 172: பார்க்கிங் பிறேக் போட்டும் வலது சில்லு பிடிக்குதில்லை

கேள்வி (திருமலை):
சீனக்குடா விமான நிலையத்தில் நிற்கும் செஸ்னா 172 சிறு விமானம். இரண்டு பெடலையும் மிதித்து, பார்க்கிங் பிறேக் கைபிடியை இழுத்து 90 பாகை கீழே திருப்பினால் நன்றாகப் பிடிக்கிறது. அரை மணித்தியாலத்தில் வலது பக்கம் விட்டுவிடும். கச்சான் காற்றுப் பலமாக அடித்தால் இடது சில்லைச் சுற்றி மூக்குத் திரும்புகிறது. தரையில் ஒயில் ஒழுக்கு இல்லை. கைபிடியின் கேபிளை இறுக்கிப் பார்க்கவா?

பதில்:
வேண்டாம் தம்பி, கேபிளில் கை வைக்காதீர்கள். அந்தக் கைபிடி ஒன்றுதான் இரண்டு மாஸ்டர் சிலிண்டரின் (பெடல் மிதிக்க ஒயிலை அழுத்தும் சிலிண்டர், பக்கத்துக்கு ஒன்று) தண்டையும் அமுக்கி வைத்திருக்கிறது. கேபிள் தளர்ந்திருந்தால் முதலிலேயே பிடித்திராது. அளவுக்கு மீறி இறுக்கினால் பிஸ்டன் முழுதாக மேலே திரும்பாது. சூடேறிய ஒயில் தாங்கிக்குத் திரும்ப வழியில்லாமல், ஓடும்போதே பிறேக் உரசும்.

கைபிடியை விடுவித்துவிட்டு வலது பெடலை மட்டும் ஒரு நிமிடம் ஒரே அழுத்தத்தில் மிதித்திருங்கள். மெல்ல இறங்குகிறதா? அல்லது பஞ்சுபோல அமுங்கி, திரும்பத் திரும்ப மிதிக்க இறுகுகிறதா?

கேட்டவர்:
மெல்ல இறங்குகிறது அண்ணா. சில்லில் டிஸ்க்கை நெரிக்கும் கலிப்பர் காய்ந்தே இருக்கிறது.

பதில்:
அப்போ லைனில் காற்று இல்லை (இருந்தால் பஞ்சுபோல அமுங்கும்), மாஸ்டர் சிலிண்டரின் சீல்தான். பிஸ்டனைத் தாண்டி ஒயில் அந்தச் சிலிண்டரின் தாங்கிக்கே போகிறது, அதனால்தான் கீழே சொட்டவில்லை. சிலிண்டரைக் கழற்றி பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் ஓ-ரிங்கையும், மிதிக்கும்போது ஒயில் தாங்கிக்குத் திரும்பும் வழியை அடைக்கும் லொக்-ஓ-சீலையும் மாற்றச் சொல்லுங்கள். உட்சுவரில் கீறலோ துருவோ இருந்தால் புது ஓ-ரிங்கும் நிலைக்காது.

ஊற்ற வேண்டியது 5606 என்ற சிவப்பு விமான ஹைட்ரோலிக் ஒயில் மட்டும். கார் பிறேக் ஒயில் பட்டால் இந்த ரப்பர் ஊதிவிடும். யாராவது ஏற்கனவே அதை ஊற்றியிருந்தால் இரு பக்கச் சீல்களும் ஹோஸ்களும் மாற வேண்டும். லைனில் புகுந்த காற்றை எடுப்பது கீழிருந்து மேலே: கலிப்பர் நிப்பிளில் ஒயிலை அழுத்திச் செலுத்தி, தாங்கியில் குமிழி வருவது நிற்கும்வரை. வேலையை உரிமம் பெற்ற பொறியியலாளர் பார்த்துப் பதிவேட்டில் ஒப்பமிட வேண்டும்.

இன்னொரு பதில்:
சரியாக்கிய பிறகும் பிறேக்கை நம்பி விட்டுப் போகாதீர்கள். அடைபட்ட ஒயில் மத்தியான வெயிலில் விரிந்து சீலை நெரிக்கும், இரவில் சுருங்கிப் பிடி தளரும். சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை, இறக்கை இரண்டுக்கும் வாலுக்கும் கயிறு. இறங்கிய உடனே, டிஸ்க் சூடாக இருக்கையில் பார்க்கிங் பிறேக் போடவே வேண்டாம்.

கடற்காற்றில் டிஸ்க் துருப்பிடித்துக் குழி விழுந்தால் அதில் உரசும் லைனிங் வேகமாய்த் தேயும். லைனிங்கின் தடிப்பு 2.5 மில்லிமீற்றருக்கு வந்தால் மாற்றுங்கள்.