மறுமொழி: "பீலபிள் கோட்டிங்" – தமிழில் என்ன சொல்வது?

> வீல், கிரில், குரோம் பட்டை இவற்றின் மேல் ஸ்ப்ரே அடித்து, வேண்டாதபோது உரித்து எடுத்துவிடுகிற ரப்பர் பூச்சுக்கு ஒரு சொல் வேண்டும். வண்டிப் பராமரிப்பு பற்றிய கட்டுரைக்காகக் கேட்கிறேன். இதுவரை வந்தவை: நெகிழித்தோய்வு, தற்காலிக வண்ணம், உரிபூச்சு.

ஐயா, வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். குழுவில் இலக்கணம் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஆனால் இந்த டப்பாவைக் கையில் பிடித்தவர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. நான் பிடித்திருக்கிறேன், கெடுத்தும் இருக்கிறேன். அதனால் சொல்லுக்கு முன்னால் பொருளைப் பற்றிக் கொஞ்சம்.

நான் இருப்பது டொரொண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில். இங்கே பனிக்காலத்துக்கென்று பலர் தனி டயர் வைத்திருப்போம், அதற்கென்று தனியாக இரும்பு ரிம். சாலையில் கொட்டும் உப்பில் அந்த ரிம் ஒரே வருடத்தில் பார்க்கச் சகிக்காது. டயர் மாற்றுவதற்கு முன், ஓர் அக்டோபர் சனிக்கிழமை, நாலு ரிம்மையும் கராஜில் கிடத்தி மேட் கறுப்பு அடித்தேன். டயருக்கும் ரிம் விளிம்புக்கும் நடுவே பழைய சீட்டுக்கட்டைச் சுற்றிலும் செருகிவிட்டால் போதும், மறைப்பு ஆயிற்று. முதல் கோட் மிக மெல்லிசாகப் போகவேண்டும். அடித்தபின் பாதி இரும்பு தெரியவேண்டும். தெரியாவிட்டால் கை அதிகம் என்று பொருள். பிறகு அரைமணி நேரம் விட்டுவிட்டு, ஈரமாக மின்னும் அளவுக்கு இன்னும் நாலு கோட். கராஜ் கதவைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். நான் குளிர் என்று மூடிவிட்டு, தலை சுற்றி வெளியே வந்து உட்கார்ந்தேன்.

நாலாவது ரிம்முக்கு வந்தபோது டப்பா தீர்ந்துவிட்டது. இரண்டு கோட்தான். கறுப்பாகத்தானே இருக்கிறது, போதும் என்று விட்டுவிட்டேன்.

ஏப்ரலில் உரித்தேன். மூன்று ரிம்மில் விளிம்பை நகத்தால் நெம்பி இழுத்ததும் கையுறை கழற்றுவது போல் மொத்தமாக வந்தது. போல்ட் குழிகளின் வடிவம்கூட அந்தத் தோலில் அப்படியே இருந்தது. நாலாவது வரவில்லை. சின்ன வெங்காயத்தை ஈரக்கையோடு உரிப்பது போலத் துணுக்கு துணுக்காக வந்தது. ஒரு மணி நேரம் சுரண்டி நகம் போனதுதான் மிச்சம். எங்கள் தெருவில் வண்டி வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து அண்ணையிடம் கொண்டுபோனேன். பார்த்துச் சிரித்தார். "தம்பி, உரிக்காதையும். அதுக்கு மேலையே இன்னும் மூண்டு தரம் அடியும். காயட்டும். பிறகு உரியும்." உரிக்க வந்தவனை அடிக்கச் சொல்கிறாரே என்று நினைத்தேன். அடித்தேன், மறுநாள் ஒரே இழுப்பில் பழையதும் புதியதும் சேர்ந்து வந்தது.

இது ஏன் நடக்கிறது என்பதில்தான் நமக்கு வேண்டிய சொல் இருக்கிறது. கார் கம்பெனியின் பெயின்ட், சூட்டில் வேதிவினை நடந்து இறுகுவது. இது அப்படி இறுகுவதில்லை. கரைப்பான் ஆவியாகிப் போக, கரைந்திருந்த ரப்பர் மட்டும் படலமாகத் தங்குகிறது. மேலே மறுபடி அடித்தால் புதிய கரைப்பான் பழைய படலத்தை இளக்கி, இரண்டையும் ஒரே தோலாக்கிவிடுகிறது. அந்தத் தோல் தன்னைத் தானே பிடித்திருக்கும் வலு, அது இரும்பைப் பிடித்திருக்கும் வலுவைவிட அதிகம். அதனால்தான் முழுசாக வருகிறது. மெல்லிசாக இருந்தால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும், கிழியும்.

சரி, இப்போது சொற்கள்.

"நெகிழித்தோய்வு" வேண்டாம். இது பிளாஸ்டி டிப் என்ற வணிகப் பெயரின் நிழல். அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் 1972இல் தொடங்கிய நிறுவனம் அது. இடுக்கி, குறடு இவற்றின் கைப்பிடியை டப்பாவுக்குள் முக்கி எடுப்பதற்காக வந்த சரக்குக்கு அந்தப் பெயர் பொருந்தியது. காருக்கு வந்தபோது யாரும் எதையும் எதிலும் தோய்ப்பதில்லை, தெளிக்கிறார்கள். ஆங்கிலத்திலேயே பொருந்தாமல் போன பெயரை நாம் ஏன் மெனக்கெட்டு இறக்குமதி செய்யவேண்டும்? இது நெகிழியும் இல்லை, ரப்பர்.

"தற்காலிக வண்ணம்" என்றால் கோலமும் தற்காலிக வண்ணம்தான். தவிர, நிறமே இல்லாத வகையும் விற்கிறார்கள், பளபளப்பை மட்டும் மாற்ற.

"உரிபூச்சு" பெரும்பாலானவர்களுக்குப் பிடித்திருக்கிறது. எனக்கும் முதலில் பிடித்தது. சுடுசோறு, ஊறுகாய் போல அழகான வினைத்தொகை. ஆனால் விரித்துப் பாருங்கள்: உரிந்த பூச்சு, உரிகிற பூச்சு, உரியும் பூச்சு. "உரித்த பூச்சு" என்று பிறவினையாகவும் விரிக்கலாம்தான். காதில் முதலில் விழுவது தன்வினை. வெயிலில் தோல் உரிந்தது, மழையில் சுவர்ப் பெயின்ட் உரிந்தது என்கிறோம். எல்லாம் குறை சொல்வது! கடைக்காரர் ஒருவர் "இது உரிபூச்சு" என்று சொன்னால் வாங்க வந்தவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். நமக்கு வேண்டியது தானாக உரிவது அல்ல, நாமாக உரிப்பது. தானாக உரிந்தால் அது கெட்ட சரக்கு.

ஒற்றுப் போட்டு "உரிப்பூச்சு" என்றால் "உரி" பெயர்ச்சொல் ஆகிவிடும். யானை உரி போர்த்த சிவன் என்கிறோமே, அந்த உரி. தோல் போன்ற பூச்சு என்று பொருள் வரும். நல்ல சொல்தான். ஆனால் ஒரே ஒரு ப்-ஐ நம்பிப் பொருளை விடவேண்டும். நம் குழுவிலேயே ஒற்று போகும் போக்கு தெரியும்தானே.

என் பரிந்துரை "சட்டைப்பூச்சு". பாம்பு சட்டை உரிக்கிறது. அங்கே உரிதல் குறை இல்லை, ஒழுங்கு. பழைய சட்டை முழுசாக வருகிறது, உள்ளே உடம்பு பழுதில்லாமல் இருக்கிறது. மூன்று ரிம்மில் நான் பார்த்தது அதைத்தான். இன்னொரு வசதி, கூடவே வினைகளும் வந்துவிடுகின்றன: ரிம்முக்குக் கறுப்புச் சட்டை போட்டேன், சட்டையை உரித்தேன், சட்டை கிழிந்துவிட்டது. தனித்தனியாக உருவாக்க வேண்டியதில்லை. உரித்து எடுத்த தாளுக்கு "உரி" என்றே பெயர் வைத்துவிடலாம். முன்பக்கச் சின்னத்தைக் கறுப்பாக்குகிறவர்களுக்கு இது தேவைப்படும். சின்னத்தோடு சேர்த்து அதைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு அடித்துவிடுவார்கள். காய்ந்தபின் வெளி ஓரத்திலிருந்து இழுத்தால், சின்னத்தின் விளிம்பு வரை வந்து படலம் தானே அறுந்துகொள்ளும். இடுக்கில் பல்குச்சியால் ஒரு தொடு. சின்னத்தில் இருப்பது சட்டை, கையில் வந்தது உரி.

மாலையில் பதில் பார்க்கிறேன்.

---

> என் பரிந்துரை "சட்டைப்பூச்சு"

தம்பி, விளக்கம் நல்லாயிருக்கு. நாலாவது ரிம் கதையை என்ர மகனுக்கும் வாசிச்சுக் காட்டினனான், அவனுக்கும் அதே கூத்து நடந்தது.

ஒரு சிக்கல். எங்கட பக்கம் பாம்பு கழற்றுறது செட்டை. சட்டை எண்டால் பொம்பிளைப் பிள்ளையள் போடுற உடுப்பு. "காருக்குச் சட்டை போட்டன்" எண்டால் சனம் வேற மாதிரி நினைக்கும். கட்டுரையில ரிம்முக்குச் சில்லு எண்டு எழுதினால் எனக்கு இன்னும் சந்தோசம், ஆனால் அது வேற சண்டை.

---

அண்ணை, நன்றி. செட்டை எனக்குப் புதுச்செய்தி. எந்த எழுத்தில் எழுதினாலும் பாம்பு இரண்டு கரையிலும் ஒன்றைத்தான் விட்டுப்போகிறது, அது போதும். உடுப்பு என்ற பொருளும் கெடுதல் இல்லை. இங்கே நாய்க்குட்டிக்கே சட்டை போடுகிறார்கள், காருக்குப் போட்டால் என்ன? இன்னொருவர் தனிமடலில் "உரியாடை" என்று சொன்னார். பாலின் மேல் படியும் ஆடையை நினைத்திருக்கிறார், ஒப்புமை பிரமாதம். ஆனால் படிக்கிறவர்கள் நேரே கௌரவர் சபைக்குப் போய்விடுவார்கள்.

சில்லும் சக்கரமும் தனி இழையில் பார்த்துக்கொள்வோம். அங்கே நான் உங்கள் கட்சி.

கட்டுரை எழுதுகிற ஐயாவுக்கு: முதல் முறை "உரித்தெடுக்கும் ரப்பர் பூச்சு" என்று விரித்து எழுதிவிட்டு, அடுத்த வரியிலிருந்து "சட்டைப்பூச்சு" என்று போய்ப் பாருங்கள். நாக்கில் ஒட்டவில்லை என்றால் சொல்லுங்கள், மாற்றலாம்.

அப்புறம், மறைப்பு நாடா ஒட்டி அடிக்கிறவர்கள் கடைசிக் கோட் ஈரமாக இருக்கும்போதே நாடாவை எடுத்துவிடவேண்டும் என்று சேர்த்துவிடுங்கள். காய்ந்தபின் இழுத்தால் நாடாவோடு சட்டையும் கிழிந்து வரும். பிரேக் தட்டில் படக்கூடாது. பெட்ரோல் மூடியைச் சுற்றி அடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். பெட்ரோல் சிந்தினால் அந்த இடத்தில் சட்டை இளகி வழிந்துவிடும். இதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள்.