நூலக இணைப்புப் பொத்தானின் பெயரும் சின்னமும்: உறுப்பினர் அனுபவங்கள்

பல்கலைக்கழக நூலகப் பணியாளர், கிளமெண்டி:

ஆய்வுத் தரவுத்தளத்தில் ஒரு கட்டுரையின் சுருக்கத்தைப் படித்தவர், அதன் முழு வடிவத்தைத் தம் நூலகத்தின் வழியாகப் பெறுவதற்கு அழுத்தும் சிறு பொத்தானைப் பற்றி எழுதுகிறேன். 1990களின் இறுதியில் பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தில் ஹெர்பர்ட் வான் டி சோம்பெல் முன்னின்று நடத்திய எஸ்எஃப்எக்ஸ் என்ற ஆய்விலிருந்து, இந்தப் பொத்தானுக்கு அடிப்படையான ஓப்பன்யூஆர்எல் முறை உருவாயிற்று. இதழை அடையாளம் காட்டும் ஐஎஸ்எஸ்என் எண், தொகுதி, பக்கம் முதலிய விவரங்கள் இணைய முகவரிக்குள்ளேயே பொதியப்பட்டு நூலகத்தின் இணைப்பு மென்பொருளுக்குச் செல்ல, அது சந்தா விவரங்களோடு அவற்றை ஒப்பிட்டு வாசகருக்கு உரிய வழியைக் காட்டுகிறது.

நுட்பம் இவ்வளவு செம்மையாக இருந்தும், நான் முன்பு பணியாற்றிய நூலகத்தில் பொத்தானின் மேல் மென்பொருளின் சுருக்கப் பெயர் மட்டுமே இருந்தது. அதை விளம்பரம் என்று கருதி ஒதுக்கிய மாணவர்கள், வெளியீட்டாளரின் பக்கத்துக்குப் போய் அங்கே கேட்கப்படும் கட்டணத்தைக் கண்டு திகைத்து, குறிப்புதவி மேசைக்கு வருவார்கள். நூலகம் ஏற்கெனவே சந்தா செலுத்திய இதழுக்கு ஒரு மாணவர் தம் கைப்பணத்தைக் கொடுத்துவிடக்கூடும் என்பது எனக்குப் பெரும் வருத்தமாக இருந்தது.

பெயரை மாற்றும் கூட்டத்தில் பலரும் ‘முழுக் கட்டுரை’ என்ற பொருள்தரும் பெயரை விரும்பினர். நான் அதை ஏற்கவில்லை. பொத்தானை அழுத்தினால் சில வேளைகளில் மின்வடிவம் கிடைக்கும். சில வேளைகளில் அச்சு இதழ் எந்த அடுக்கில் உள்ளது என்ற தகவல் கிடைக்கும். இரண்டும் இல்லையென்றால் வேறு நூலகத்திடம் இரவல் கேட்கும் படிவம் திறக்கும். முழுக் கட்டுரை என்று வாக்களித்துவிட்டுப் படிவத்தை நீட்டினால் வாசகர் அடுத்த முறை அந்தப் பொத்தானை நம்ப மாட்டார். பென்சில்வேனியா பல்கலைக்கழகம் ‘பென்டெக்ஸ்ட்’ என்றும், கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் ‘யூசி-இலிங்க்ஸ்’ என்றும் பெயர் வைத்திருந்ததை அன்று எடுத்துக்காட்டினேன். இரண்டாவதே எனக்குப் பொருத்தமாகப் பட்டது, ஏனெனில் ‘யூசி’ என்ற சுருக்கம் எந்த நிறுவனத்தின் சேவை என்பதைச் சொல்கிறது; ‘இணைப்புகள்’ என்று பொருள்படும் ‘லிங்க்ஸ்’, ‘உரை’ என்று பொருள்படும் ‘டெக்ஸ்ட்’ போலத் தர முடியாத ஒன்றை வாக்களிப்பதும் இல்லை. பொத்தான் பிறருடைய பக்கத்தில் நிற்பதால் நூலகத்தின் பெயர் அதில் கட்டாயம் இடம்பெற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பகுதிநேர முதுகலை மாணவி, உட்லண்ட்ஸ்:

வேலை முடிந்து வீட்டிலிருந்து படிப்பவள் என்பதால் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்காலரையே மிகுதியாகப் பயன்படுத்துகிறேன். வளாக இணையத்துக்கு வெளியே நூலக இணைப்பு தானாகத் தோன்றுவதில்லை; அமைப்புகளில் ‘நூலக இணைப்புகள்’ பகுதிக்குச் சென்று நம் நூலகத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். அங்கே சின்னத்துக்கு இடமில்லை, எழுத்து மட்டுமே தோன்றும். ஆகவே எவ்வளவு அழகாகப் படம் வரைந்தாலும், பெயர் தனித்து நின்று பொருள் தராவிட்டால் எங்களைப் போன்றவர்களுக்குப் பயனில்லை.

இணையப்பக்க வடிவமைப்பாளர், பிடோக்:

படம் தொடர்பாக மூன்று செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன். பூதக்கண்ணாடியைத் தவிர்த்துவிடுங்கள், அது புதிதாகத் தேடுவதைக் குறிப்பதாகவே எல்லாரும் பழகிவிட்டார்கள். படத்துக்கு மாற்று உரை, அதாவது அதைச் சொற்களில் விளக்கும் குறிப்பு, கொடுக்காவிட்டால், பார்வைக் குறையுடையோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருள் கோப்பின் பெயரையோ முகவரியையோ எழுத்தெழுத்தாகப் படிக்கக்கூடும். என் நண்பர் ஒருவர் இதனால் அந்தப் பொத்தானையே தாண்டிச் சென்றுகொண்டிருந்தார். இணையப்பக்கங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த வழிகாட்டும், 2023இல் வெளிவந்த டபிள்யூசிஏஜி 2.2 நெறிமுறையின் நடு நிலையான ஏஏ, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 என்ற ஒளிர்வு வேறுபாட்டையும், சில விதிவிலக்குகள் தவிர, அழுத்துமிடத்துக்குக் குறைந்தது 24க்கு 24 பிக்சல் அளவையும் கேட்கிறது. எம்ஆர்டி ரயிலில் நின்றபடி கைப்பேசியில் படிப்பவருக்கு அதைவிடப் பெரிதாக இருந்தால் இன்னும் நல்லது.

சின்னத்தை மாற்ற முடிவு செய்யும் நூலகங்கள், படக்கோப்பின் பழைய முகவரியை அப்படியே வைத்துக்கொண்டு படத்தை மட்டும் மாற்ற வேண்டும். பல தரவுத்தளங்கள் அந்த முகவரியிலிருந்தே படத்தை எடுத்துக் காட்டுவதால், முகவரி மாறினால் ஒவ்வொன்றின் நிர்வாகப் பக்கத்திலும் தனித்தனியாகத் திருத்த வேண்டியிருக்கும். விடுபட்ட இடங்களில் வாசகர் உடைந்த படத்தையே காண்பார்.